இருவராக டெத் வேலிக்குக் காரில் கிளம்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் ஒரு செப்டம்பர் கடைசியில், லாஸ் வேகாஸிலிருந்து வாடகைக் காரில் கிளம்பி, டெத் வேலி என்ற பாலைவனத் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடந்து கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊருக்குப் போய்த் திரும்புவதாக ஏழு நாள் திட்டம் போட்டோம். அந்த ஏழு நாளில் திட்டம் மூன்று தடவை மாறியது. விட்டுப்போன இடங்களைப் பார்க்கப் பின்னர் ஒரு பிப்ரவரியில் மறுபடியும் போனோம். அதன்பிறகு, இதே பயணத்துக்குக் கிளம்பும் தம்பதிகள் கேட்பதெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகளாக இருப்பதால், பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பர் முதல் மார்ச் வரை. செப்டம்பர் எங்கள் தவறு. வெயில் தணிந்திருக்கும் என்று நினைத்தோம். பள்ளத்தாக்கின் அடியில் செப்டம்பர் மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸைத் தொடும். 1913 ஜூலை 10 அன்று பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலகின் உச்ச வெப்பநிலை என்று அதிகாரபூர்வமாக நிற்கிறது. அந்தப் பழைய அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலையாளர்களும் உண்டு. பழைய கதையை விடுங்கள், 2024 ஜூலையில் இரவு பகல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே சராசரி 42.5 டிகிரி. நள்ளிரவிலும் உடம்புக்கு ஓய்வில்லை என்பதுதான் இந்த எண்ணுக்குப் பொருள்.

பிப்ரவரியில் அதே இடத்தில் மெல்லிய ஸ்வெட்டர் போட்டு நடந்தோம். முந்தைய இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் தரையெல்லாம் பூக்கும். 2005-இலும் 2016-இலும் அப்படிப் பள்ளத்தாக்கே மஞ்சளாகக் கிடந்தது. ஆனால் பூவை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

உங்கள் திட்டம் எப்படித்தான் மாறியது?

முதலில் போட்ட திட்டம் இது. முதல் நாள் லாஸ் வேகாஸிலிருந்து பாரம்ப் ஊர் வழியாக 190-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஃபர்னஸ் கிரீக். அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் அதே சாலையில் மேற்கே ஏறி, ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி லோன் பைன். பிறகு இரண்டு நாள் மலையடிவாரம். திரும்பும்போது மொஜாவே பாலையின் கெல்சோ மணல்மேடுகள். காகிதத்தில் மிக அழகாக இருந்தது.

கிளம்பிய நாளுக்கு முந்தின இரவு மலையில் இடிமழை. பாரம்ப்பில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, நான் வழக்கம்போலச் சாலை நிலவரம் பார்த்தேன். 190-ஆம் சாலையில் பூங்காவுக்குள் நுழையும் பகுதி சேறும் கல்லும் மூடிக் கிடக்கிறது, மறு அறிவிப்பு வரை போக்குவரத்து இல்லை என்று இருந்தது. அறை முன்பதிவு செய்திருந்த இடமோ அந்தத் தடைக்கு அப்பால். பெட்ரோல் பங்க்கின் நிழலில் காரை நிறுத்தி, வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தோம். பூங்காவைச் சுற்றி வடக்கே இருக்கும் பீட்டி என்ற நெவாடா ஊரில் அறை கிடைத்தது. போகிற வழியில் ஆஷ் மெடோஸ் என்ற வனவிலங்குப் புகலிடம். அதுவரை இருவருமே கேள்விப்படாத பெயர். முதல் மாற்றம் அது.

மூன்றாம் நாள் காலை பீட்டியிலிருந்து பூங்காவுக்குள் இறங்கும் சாலையும் திறக்கவில்லை. குறுக்கே போனால் லோன் பைன் ஏறக்குறைய 115 மைல்தான். நாங்கள் போனது வடக்கே கோல்ட்ஃபீல்டு, டோனோபா வரை ஏறி, அங்கிருந்து 6-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பி, பிஷப் வழியாகத் தெற்கே இறங்கும் பாதை. மொத்தம் 265 மைல், அதாவது 425 கிலோமீட்டருக்கு மேல். இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒரு முழுப்பகலைத் தின்றது. ஆனாலும் அந்தப் பகலை நான் இன்று எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டோனோபாவைத் தாண்டினால் சாலை ஒரு தட்டையான பள்ளத்தாக்கில் நேராக இறங்கி, எதிர்மலையின் அடி வரை நூல் பிடித்ததுபோல் போகும். எதிரே ஒரு லாரியின் கண்ணாடி பளிச்சிட்டால், அது நம்மைக் கடக்கப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுக்க இருவரும் பேசவில்லை. அது கோபத்தில் வந்த மௌனமும் இல்லை.

மூன்றாவது மாற்றம் நல்லதற்காக வந்தது. ஐந்தாம் நாள், 4,800 வயதைக் கடந்த பிரிஸில்கோன் பைன் மரங்கள் நிற்கும் வெள்ளை மலைத்தொடருக்குப் போவதாக இருந்தோம். காலையில் பார்த்தால், மேற்குப் பக்கமிருந்து ஸ்டவ்பைப் வெல்ஸ் வரை சாலையைத் திறந்துவிட்டார்கள். மரங்கள் எங்கும் போய்விடாது என்று முடிவுசெய்து பூங்காவுக்குத் திரும்பினோம். மெஸ்கீட் மணல்மேடுகளில் மாலை வெயில் சாயும்வரை இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம். கெல்சோ கடைசிவரை நடக்கவில்லை.

சாலை மூடியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

டெத் வேலி தேசியப் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரப் பக்கம் உண்டு. அதுதான் முதல் ஆதாரம். பூங்காவுக்கு வெளியே கலிஃபோர்னியாவுக்குக் கால்டிரான்ஸ் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறையின் குயிக்மேப், நெவாடாவுக்கு என்வி ரோட்ஸ். கூகுள் மேப்ஸ் மூடிய சாலையைத் திறந்ததாகவே காட்டிக்கொண்டிருந்ததை நாங்களே கண்ணால் பார்த்தோம்.

எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். படுக்கும் முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை, சிக்னல் இருக்கும் கடைசி ஊரில் ஒருமுறை. பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது. அந்தக் கடைசி ஊர் எது என்பதைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து போனால் பாரம்ப், வடகிழக்கிலிருந்து பீட்டி, மேற்கிலிருந்து லோன் பைன்.

மழையே பெய்யாத இடத்தில் வெள்ளம் எப்படி வரும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பாலைவனத்தில் வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் வெள்ளத்துக்கு அஞ்சுவதில்லை. நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

ஆண்டு முழுவதும் சேர்த்து அங்கே பெய்வது சுமார் 50 மில்லிமீட்டர். அந்த அளவு மெல்லப் பிரிந்து பெய்தால் பிரச்சினையே இல்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் எச்சம் ஃபர்னஸ் கிரீக்கில் ஒரே நாளில் 56 மில்லிமீட்டரைக் கொட்டியது. ஒரு வருஷ மழை ஒரு நாளில். பூங்கா முழுவதையும் மூடினார்கள்; அக்டோபர் 15-இல்தான் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 5-இல் 37 மில்லிமீட்டர் பெய்து, சுமார் ஆயிரம் பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

தண்ணீரைக் குடிக்க அங்கே மண்ணில்லை. வெறும் பாறை, இறுகிய தரை, பிடித்துவைக்க வேரில்லாத சரிவு. மலையில் விழுந்த மழை பள்ளத்தாக்குகளில் ஒன்றுகூடி, கல்லையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு வாய்வழியே வெளியேறி விசிறிபோல் பரவும். அப்படிப் பரவிப் பரவி ஆயிரக்கணக்கான வருஷத்தில் உண்டான வண்டல் விசிறிகளின் மேல்தான் சாலைகளே போகின்றன. சாலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தாழ்வும் ஒரு காட்டாற்றின் பாதை. தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை அந்தத் தாழ்வுக்கு வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது அப்படித்தான். பாறைப் பிளவுக்குள் இறங்கியிருந்தார்கள். மழை பெய்ததோ வெகுதூரத்தில்.

ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் நிற்கும் ஆளைச் சாய்க்கும். ஓரடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். அமெரிக்க வானிலைச் சேவை, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையான காலத்தைத் தென்மேற்கின் பருவமழைக் காலம் என்றே வகுத்திருக்கிறது. எங்கள் தேதி அதற்குள் விழுந்தது.

அதே மழைக்கு வேறொரு முகமும் உண்டு. 2023 மழையில், வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் உப்புத்தரையில் ஓர் ஏரி உருவானது. பனியுகத்தில் அங்கே கிடந்த மான்லி ஏரியின் பெயரையே அதற்கும் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் இன்னொரு மழை அதை நிரப்ப, சில வாரங்கள் அதில் படகு விட்டார்கள். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, பாலைவனத்தின் நடுவில்.

திட்டம் மாறும்போது யார் முடிவெடுப்பது? சண்டை வராதா?

வரும். எங்களுக்கு வந்தது.

ஆஷ் மெடோஸில் ஒரு சரளைச் சாலை. ஒரு தாழ்வில் தண்ணீர் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. இருபது அடி அகலம் இருக்கும், கலங்கல். இவர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். "ஆழமே இருக்காதும்மா, மெதுவா போயிடலாம்" என்றார். எனக்கு அடிவயிறு இறுகியது. "வேண்டாங்க, திரும்பிடலாம்" என்றேன். திரும்பினால் பன்னிரண்டு மைல் சுற்று. இருட்டுவதற்கும் அதிக நேரமில்லை. இவர் எரிச்சலோடுதான் காரைத் திருப்பினார். அடுத்த ஒரு மணி நேரம் பேச்சில்லை.

அன்றிரவு பீட்டியில் சாப்பிட்டு முடித்தபின் இவரே ஆரம்பித்தார். தண்ணீரின் ஆழம் தெரியாது, அடியில் சாலை இருக்கிறதா என்றும் தெரியாது, எனக்கு அவசரம் மட்டும்தான் தெரிந்தது என்றார். அப்போது நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. போகலாம் என்பதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். திரும்பலாம் என்பதற்கு ஒருவர் சொன்னால் போதும். சொல்பவர் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. அன்று விட்டுக்கொடுத்ததை மறுநாள் சொல்லிக்காட்டவும் கூடாது.

கடைசிப் பகுதிதான் கடினம். பயந்தவர் பக்கம் முடிவு போய், பின்னர் அந்தச் சாலை நன்றாகத்தான் இருந்தது என்று தெரியவந்தால், "அப்பவே சொன்னேன்" என்று நாக்கு நுனி வரை வரும். ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த தடவை பயப்படுகிறவர் வாயைத் திறக்கமாட்டார். பாலைவனத்தில் அந்த மௌனம்தான் ஆபத்து.

இன்னொன்றும் செய்கிறோம். காலையில் கிளம்பும்போதே அன்றைக்குத் திரும்பவேண்டிய கணக்கைச் சொல்லிக்கொள்வோம். பெட்ரோல் அரை டேங்கைத் தொட்டால், மூன்று மணி ஆகிவிட்டால், மலைமேல் கறுத்த மேகம் கட்டினால் திரும்புவது. களைப்பும் ஆசையும் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு என்பதால் யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது.

ஜிபிஎஸ்ஸை நம்பலாமா?

ஊருக்குள் நம்பலாம். பூங்காவுக்குள் அது காட்டும் குறுக்குவழிகளில் சில, சுரங்கம் தோண்டிய காலத்து வண்டித்தடங்கள். சில இடங்களில் அந்தத் தடம்கூட மிச்சமில்லை. அந்த வழிகளை நம்பிப் போய் இறந்தவர்கள் இருப்பதால், பூங்காக் காவலர்களான ரேஞ்சர்களே அதற்கு 'ஜிபிஎஸ் மரணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் பரவுவதற்கு முன்பும் இது நடந்தது. 1996 கோடையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர், மலை தாண்டும் ஒரு கரடுமுரடான வழியில் வாடகை வேனோடு இறங்கினார்கள். ஆளில்லாத வேன் அக்டோபரில் ஆன்வில் கேன்யனில் கிடைத்தது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது 2009-இல்தான் தெரியவந்தது. நால்வரில் இருவர் குழந்தைகள்.

பூங்காவின் காகித வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கியும் வையுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர், குடிக்க மட்டும். இருவருக்கு எட்டு. கார் நின்று ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தால் என்று அதற்கு மேல் ஒரு மடங்கு. நாங்கள் இருபது லிட்டர் வைத்திருந்தோம். கனம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பாட்டில்கள் எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்காதீர்கள். பாதியை இருக்கைக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். வியர்வை அங்கே உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே, தாகமில்லையே என்று ஏமாற வேண்டாம். தண்ணீரோடு உப்புள்ள ஏதாவது தின்னவும் வேண்டும்.

வெயில் காலத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு தாழ்நிலத்தில் நடக்க வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. செப்டம்பரில் போனால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

கார் நின்றுவிட்டால்?

காரை விட்டுப் போகக் கூடாது. நடந்து போகும் இருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட ஒரு காரைக் கண்டுபிடிப்பது எளிது. கார் நிழலும் தரும். பானெட்டைத் தூக்கிவைத்து, சிக்னல் இருந்தால் 911. ஐபோன் 14-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஊரிலேயே இருவரும் பழகிவிடுங்கள். இருவரில் ஒருவர் உதவி தேடிப் போவது, மற்றவர் இருப்பது என்ற யோசனை வரும். வேண்டாம். பிரியவே கூடாது.

என்ன கார் எடுப்பது? இருவரும் ஓட்டலாமா?

தார்ச்சாலைக்குச் சாதாரண கார் போதும். 190-ஆம் சாலை, பேட்வாட்டர் சாலை, டான்டேஸ் வியூ, சப்ரிஸ்கி பாயின்ட், மணல்மேடுகள் எல்லாம் தார்ச்சாலைதான். தானாக நகரும் கற்கள் கிடக்கும் ரேஸ்டிராக் மட்டும் வேறு விஷயம். உபிஹீபி எரிமலைவாயிலிருந்து 27 மைல் கூர்கற்கள் நிறைந்த பாதை. சாதாரண டயர் கிழிந்துவிடும். மெல்லிய பனிக்கட்டித் தகடுகள் லேசான காற்றில் நகரும்போது கற்களைத் தள்ளுகின்றன என்று 2014-இல் அந்தப் புதிரை விடுவித்தார்கள். எங்களுக்கும் பார்க்க ஆசைதான். இரண்டு பயணத்திலும் போகவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் தார் போடாத சாலைக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் இல்லை. எங்களுக்குப் பராமரிக்கப்படும் சரளைச் சாலை வரை அனுமதி கிடைத்தது, எழுத்தில் வாங்கிக்கொண்டோம். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். இப்போது பல கார்களில் அதற்குப் பதில் பசையும் காற்றுப்பம்பும்தான் இருக்கின்றன.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, இருவரும் ஓட்டுவது வசதிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. ஒருவருக்கு வெயில் தாக்கினால் மற்றவர் ஓட்டித்தான் ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் வாடகைக்கு எடுத்தால், உரிமமும் வயதுத் தகுதியும் இருக்கும் கணவனோ மனைவியோ சட்டப்படியே அனுமதி பெற்ற ஓட்டுநர். வேறு மாநிலத்தில் எடுத்தால் இரண்டாவது பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி: மலை ஏற்ற இறக்கம் இவருக்கு, நேர்ச்சாலை எனக்கு. நேர்ச்சாலையில் தூக்கம் வரும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திவிடுவேன்.

செங்குத்தான ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள். 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் டவுன் பாஸ் அப்படிப்பட்ட இடம். இன்ஜின் சூடேறாமல் இருக்கத்தான். கேளுங்கள்.

பெட்ரோல்?

அங்கே 'கேஸ்' என்பார்கள். பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் மூன்று இடங்களில் கிடைக்கும். வெளியைவிட விலை கூடுதல். சுற்றுவழி போக நேர்ந்தால்தான் முழு டேங்கின் அருமை தெரியும். அன்று பாரம்ப்பில் நிரப்பியிராவிட்டால் எங்களுக்கு ஆஷ் மெடோஸும் இல்லை.

முன்பதிவு செய்த பணம் போய்விடாதா?

எங்களுக்கு முதல் இரவின் பணம் போனது. அதுவும் எங்கள் அவசரத்தால்தான்: ரத்து செய்ய முடியாத, விலை குறைந்த அறையாகப் பார்த்து எடுத்திருந்தோம். இப்போது பாலைவனத்துக்குள் இருக்கும் இரவுகளை மட்டும் ரத்து செய்யக்கூடியதாக, கொஞ்சம் கூடுதல் விலையானாலும், எடுக்கிறோம். வெளியே இருக்கும் ஊர்களில் அந்தக் கவலை வேண்டாம். சாலை மூடியதும் ரத்து செய்யுமுன் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். போக முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்போது தேதி மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

பயணத்தில் ஒரு நாளைக் காலியாக விடச் சொல்கிறார்களே, எந்த நாளை?

நடுநாளை. கடைசி நாளைக் காலியாக வைத்தால், மாறிய திட்டத்தைச் சரிசெய்ய அது உதவாது. விமானம் பிடிக்கும் பதற்றத்தில் கரைந்துவிடும்.

டெத் வேலியில் ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால்?

எங்கள் பிப்ரவரி நாளைச் சொல்கிறேன். விடியும்போது சப்ரிஸ்கி பாயின்ட். எதிர்மலையில் வெளிச்சம் மேலிருந்து கீழாக இறங்கி வரும். அப்படியே பேட்வாட்டர். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 17 மைல். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே பாறையில் கடல்மட்டம் எதுவென்று ஒரு சிறு பலகை. உப்பின் மேல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்களோ அவ்வளவு கூட்டம் குறையும். மதியம் டான்டேஸ் வியூ. 1,669 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கீழைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிர்ச்சி. காலையில் நடந்த உப்புத்தரை அங்கிருந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். மாலை மெஸ்கீட் மணல்மேடு. இருட்டிய பிறகும் அவசரப்படாதீர்கள். 2013-இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரித்த இடம் அது. விளக்கை அணைத்துக் கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள்.

இது திம்பிஷா ஷொஷோனி பழங்குடி மக்கள் வாழும் நிலம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1933-இல் இதை அரசுப் பாதுகாப்பிடமாக அறிவித்தபோது அவர்களைக் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. ஃபர்னஸ் கிரீக்கில் இன்றும் அவர்கள் கிராமம் இருக்கிறது.

லோன் பைன் பக்கம் என்ன பார்க்கலாம்?

மான்சனார். 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் அடைத்துவைக்கப்பட்ட முகாம். எங்கள் முதல் திட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டவர்கள் அந்தப் புழுதியில் கல் அடுக்கி உண்டாக்கிய தோட்டங்களின் மிச்சத்தைப் பார்த்தபின் எங்களால் கிளம்ப முடியவில்லை. அரைநாள் போயிற்று. அதைத் திட்ட மாற்றம் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கிழக்கே மான்யுமென்ட் வேலி வரை நீட்டலாமா?

லாஸ் வேகாஸிலிருந்து ஏறக்குறைய 400 மைல். இரண்டு நாளாவது தனியே வேண்டும். ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கடிகாரம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்; அரிசோனா தள்ளுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும், நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ தேசம் தள்ளுகிறது. நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோபி மக்களின் நிலத்தில் மறுபடி தள்ளுவதில்லை. ஆக மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை, ஒரே பகலில் கைப்பேசி மணி முன்னும் பின்னும் குதிக்கும். ஆன்டிலோப் கேன்யனுக்கு நவஹோ வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். முன்பதிவு எந்த நேரப்படி என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் பூங்கா என்பதால் தேசியப் பூங்கா பாஸ் செல்லாது.

மணற்புயல் வந்தால்?

சாலையை விட்டு முழுதாக ஒதுங்கி நிறுத்துங்கள். விளக்கு எல்லாவற்றையும், எச்சரிக்கை விளக்கையும் சேர்த்து, அணையுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால், அதுதான் சாலை என்று நினைத்துப் பின்னால் வருபவர் வந்து மோதுவார்.

அந்த ஆஷ் மெடோஸில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று நான் காத்திருப்பேன். டெத் வேலிக்கு வெளியே, நெவாடா பக்கம், பாலையின் நடுவே நிலத்தடியிலிருந்து ஊற்றுகள் பொங்கும் இடம். அங்கே டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பாறைப் பிளவு. அதன் வெதுவெதுப்பான நீரில் வாழும் சிறு மீன் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 2013-இல் எண்ணியபோது 35 மீன்கள்தான் இருந்தன. தொலைதூரத்தில் பூமி அதிர்ந்தாலும் அந்தக் குழியில் அலை எழும். 2022 செப்டம்பரில் மெக்சிகோவில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே நான்கடி உயரம் வரை அலை எழும்பியது.

அந்த மீன்களைப் பார்க்க முடியாது. கம்பிவேலிக்குள் நின்று கீழே கறுப்பாகத் தெரியும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். ஆனால் கொஞ்ச தூரத்தில் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதன் முடிவில் கிங்ஸ் பூல். கண்ணாடிபோன்ற நீர். அதில் அந்த மீனுக்கு நெருங்கிய உறவான வேறு வகை மீன்கள், விரல்கணு நீளம், சில நல்ல நீலம். ஃபர்னஸ் கிரீக் அறை, போன பணம், மூடிய சாலை எல்லாம் மனதில் கனத்துக் கிடக்க, அந்தப் பலகையில் இருவரும் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நீல மீன் தன் இடத்துக்குள் வந்த இன்னொன்றைத் துரத்திவிட்டு, திரும்பி வந்து அதே கல்லுக்கு மேல் நின்றது. மறுபடி துரத்தியது, மறுபடி வந்து நின்றது. இவர்தான் முதலில், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டார்.